எண்ணூறு வருடப் புது டவுன்

இங்கிலாந்துக்குப் போகும் இலங்கையர், தேம்ஸ் ஆற்றங்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, உறவுக்காரர் வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் முறை. லண்டனில் இருக்கும் என் தங்கை மகன் முறைகளை மதிக்காதவன். "மாமா, சாலிஸ்பரிக்குப் போவோம். பெரிய பழைய தேவாலயம் இருக்கு. சும்மா நடந்து பார்க்கலாம்" என்றான். சும்மா நடப்பதற்கு இத்தனை பவுண் கொடுத்து ரயிலேறுவானேன்? டிக்கெட்டை அவன் எடுத்ததால் நான் கேட்கவில்லை. வாட்டர்லூவிலிருந்து ஒன்றரை மணித்தியாலம்.

ரயிலிலேயே ஓர் எச்சரிக்கை. "கோபுரம் பார்க்க வந்தேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க." 2018 மார்ச்சில் இந்த ஊரில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஒருவருக்கும் அவர் மகளுக்கும் நஞ்சு வைத்துவிட்டார்கள். பிரிட்டன் குற்றஞ்சாட்டிய இரண்டு ரஷ்யர்கள் செப்டம்பரில் தொலைக்காட்சியில் தோன்றி, தாங்கள் வெறும் சுற்றுலாப் பயணிகள், 123 மீற்றர் கோபுரத்தையும் பழைய மணிக்கூட்டையும் பார்க்கத்தான் போனோம் என்றார்கள். இங்கிலாந்திலேயே உயரமான தேவாலயக் கோபுரம் அது, அளவும் சரிதான். ஆனாலும் யாரும் நம்பவில்லை. நான் ஜாக்கிரதையாக "ஏறத்தாழ நானூறு அடி" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

தேவாலய வாசலில் செருப்பு வைக்கும் இடத்தைத் தேடினேன். இல்லை. எல்லோரும் சப்பாத்தோடு உள்ளே போனார்கள். டிக்கெட் கவுண்டரில் இன்னோர் ஆச்சரியம்: உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒரே கட்டணம். சிகிரியாவில் வெள்ளைக்காரர் டொலரில் அழுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நம் அரசாங்கத்தின் சார்பில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பவுணை ரூபாயாக்கிப் பார்த்தபின் வெட்கம் போய்விட்டது.

ரஷ்யர்களை அத்தனை தூரம் இழுத்ததாகச் சொல்லப்பட்ட மணிக்கூடு, 1386ஆம் ஆண்டளவில் செய்தது. இன்னும் ஓடுகிறது. அதற்கு முகமே இல்லை. முள்ளும் இல்லை, இலக்கமும் இல்லை. மணிக்கொரு தடவை அடிப்பது மட்டுமே வேலை. எங்கள் ஊர் லக்கலவுக்குப் போக ரத்தோட்டையில் நான் காத்து நின்ற பஸ்ஸும் அந்த வம்சம்தான்: நேரம் காட்டாது, வந்தால் சத்தம் கேட்கும்.

1215ஆம் ஆண்டு மக்னா கார்ட்டாவின் நான்கு மூலப்பிரதிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. மன்னனையும் சட்டத்துக்குக் கட்டுப்படுத்திய பத்திரம் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். லக்கலயில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன் நான்; தொழில் கண்ணோடு பார்த்தேன். ஒரே தோல், எறும்பு ஊர்வதுபோல எழுத்து, ஓரம் விடவில்லை, பந்தி பிரிக்கவில்லை. முத்திரையும் எப்போதோ காணாமல் போய்விட்டதாம். எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தால் 'முத்திரையுடன் மீளச் சமர்ப்பிக்கவும்' என்று திருப்பி அனுப்பியிருப்போம்.

தொண்டுக்கு வழிகாட்டும் வயதான அம்மா ஒருவர் தரையில் ஒரு சிறு கல்லைத் தூக்கி, கம்பியொன்றை உள்ளே விட்டு எடுத்தார். நுனி நனைந்திருந்தது. இத்தனை பெரிய கட்டடத்துக்கு அத்திவாரம் நாலடிதானாம். அதற்குப் பிறகு 6,500 தொன் கோபுரத்தையும் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். பாரத்தில் தூண்கள் வளைந்து நிற்பது கண்ணுக்கே தெரிகிறது. அடியிலுள்ள சரளைமண் ஈரமாக இருக்கும்வரை பயமில்லை என்றார். நான் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

அவர் சொன்ன இன்னொரு கதைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இந்த ஊர் முதலில் இங்கே இல்லை. பக்கத்துக் குன்றில், ஓல்ட் சேரம் என்ற இடத்தில், கோட்டைக்குள் இருந்தது. அங்கே தண்ணீர் இல்லை; கோட்டைச் சிப்பாய்களோடு ஓயாத சண்டை; காற்றின் இரைச்சலில் பாதிரிமார் பாடுவது அவர்களுக்கே கேட்பதில்லை. பாப்பரசருக்கு மனுப்போட்டு, அனுமதி வாங்கி, 1220இல் கீழே அடிக்கல் நாட்டினார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் கோயில் எழுந்தது; சதுரம் சதுரமாக வீதி போட்டு ஊரும் எழுந்தது.

"எங்கட ஊரும் மாறினதுதான்" என்றேன். அந்த அம்மா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

காற்றென்றால் எங்கள் பக்கத்து ரிவர்ஸ்டனில் வந்து நிற்க வேண்டும். குடை விரித்தவன் பிடியோடுதான் திரும்புவான். ஆனால் லக்கல மாறியது காற்றால் அல்ல. மொரகஹகந்த - களுகங்கைத் திட்டத்தில் பழைய டவுன் நீர்த்தேக்கத்துக்குள் போனது. அவர்கள் தண்ணீர் இல்லாமல் இறங்கினார்கள். நாங்கள் தண்ணீர் வருவதால் ஏறினோம். களுகங்கையில் நீர் நிரப்பத் தொடங்கியதும் அதே 2018இல்தான். எங்களைப் பார்க்க வந்ததாக எந்த ரஷ்யனும் தொலைக்காட்சியில் சொல்லவில்லை.

எங்களுக்கும் திட்டமிட்டுப் போட்ட வீதிகளோடு புது டவுன் கிடைத்தது. சாலிஸ்பரியும் அரசாங்கப் பதிவில் 2009 வரை 'நியூ சேரம்' தானாம். ஏறத்தாழ எண்ணூறு வருடம் புதுசாகவே இருந்திருக்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் 'புதிய லக்கல' பெயர்ப்பலகைக்கு இப்போதைக்குப் பெயின்ட் செலவு மட்டும்தான்.

ஆளில்லாத ஓல்ட் சேரம் மேடு, 1832இல் சட்டம் திருத்தும்வரை பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது என்பதையும் அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் பழைய டவுனில் இப்போது மீன்கள்தான் குடியிருக்கின்றன, இந்த யோசனை எங்கள் மாத்தளை அரசியல்வாதிகளின் காதில் விழக்கூடாது என்றேன்.

"மீன்கள் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கும்?" என்று கேட்டார்.

வலை வீசாத கட்சிக்கு என்றேன்.