சுற்றினால் எரியும் விளக்கு

எண்பதுகளில் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் சைக்கிளில் டைனமோ கட்டாயம் இருக்கும். அப்பாவின் சைக்கிளிலும் இருந்தது. பின்சக்கரத்து டயரில் அதன் தலை உரசிச் சுழலும். மிதித்தால் எரியும், நின்றால் அணையும். மேட்டில் மூச்சு வாங்க மிதிக்கும்போது வெளிச்சம் மங்கிப்போகும். இறக்கத்தில் வேகமாக விட்டால் பல்பே போய்விடும். மழை வந்தால் இன்னொரு தொல்லை. டயர் நனைந்ததும் டைனமோ வழுக்கும், சுற்றாது. அதற்காக அப்பா பழைய டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதன் தலையில் மாட்டியிருந்தார். விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்துவார் என்ற பயம் ஒருபக்கம். அதைவிடப் பெரிய பயம் பாலாற்றங்கரைப் பள்ளங்கள்.

ஷாப்புக்குள்ளே வேறு பயம். தரையோடு தரையாகச் சுண்ணாம்புத் தொட்டிகள் இருக்கும். முடி கழல்வதற்காகத் தோலை ஊறப்போட்டிருப்பார்கள். கரண்ட் போனால் எங்கே தரை, எங்கே தொட்டி என்று தெரியாது. ரெண்டு கட்டை பேட்டரி லைட் ஒன்று மேஸ்திரியிடம் இருக்கும். ஆனால் தேவைப்படுகிற நேரத்தில் கட்டை தீர்ந்திருக்கும். வீட்டிலும் இதே கதைதான். தீர்ந்த கட்டைகளை மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, இன்னும் ரெண்டு நாள் ஓட்டுவோம். கட்டையை உள்ளேயே மறந்துவிட்டால் கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும்.

பிறகு எமர்ஜென்சி லைட் வந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது அதுவும் தோற்றது. சார்ஜ் ஏறுவதற்குக் கரண்ட் இருந்தால்தானே? அதற்கப்புறம் கைபேசி எல்லோர் கைக்கும் வந்தது. இனி டார்ச்சே வேண்டாம் என்று நினைத்துவிட்டோம்.

2021 நவம்பர் அந்த நினைப்பைக் கலைத்தது. பாலாற்றில் அப்படி ஒரு வெள்ளத்தை எங்கள் தலைமுறை பார்த்ததில்லை. 1903இல் வாணியம்பாடியை வெள்ளம் வாரிக்கொண்டு போனதைப் பெரியவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். மாதனூர் தரைப்பாலம் போனது. மோர்தானா அணை நிரம்பி வழிந்து குடியாத்தத்துக்குள் கவுண்டன்யா ஆறு புகுந்தது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் செத்தார்கள். அந்த மாதக் கடைசியில் வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் நிலமும் ஆடியது. சுவரில் விரிசல் விட்ட வீடுகளுக்குள் படுக்கப் பயந்து, மழை நின்ற இரவுகளில் பேரணாம்பட்டு ஜனங்கள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் தெருவில் கரண்ட் போய், கைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பக்கத்து வீட்டுப் பெண் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். அவளிடம் மட்டும் கைப்பிடியைச் சுற்றினால் எரிகிற டார்ச் ஒன்று இருந்தது. எதிர்வீட்டு ஆயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாத்துக்கும்மா அத்த சுத்திக்கினே கீற?"

"சுத்துனாத்தான் எரியும் ஆயா. கட்டையும் வேணாம், கரண்டும் வேணாம்."

"அப்போ எனக்கும் ஒண்ணு வாங்கியாந்து குடு."

அந்த டார்ச்சைப் பிரித்தால் உள்ளே இருப்பது அப்பாவின் டைனமோதான். கைப்பிடி நாம் சுற்றுகிற வேகத்தில் சுற்றும். பல்சக்கரங்கள் அந்த வேகத்தைப் பல மடங்காக்கும். காந்தம் கம்பிச்சுருளை ஒட்டிச் சுழலும்போது மின்சாரம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டது அது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே ஹாலந்தில் பிலிப்ஸ் கம்பெனி கையால் அமுக்கி எரியவிடும் டார்ச்சை விற்றது. ஆனால் அந்தக் காலத்துக் குண்டு பல்பு வாங்கிக்கொள்கிற மின்சாரத்துக்கு மனுஷன் கை ஓயாமல் உழைக்க வேண்டும். கணக்கை மாற்றியது எல்.ஈ.டி. அதே வெளிச்சத்துக்கு அதற்குப் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். வெள்ளை எல்.ஈ.டி.க்கு வழி திறந்த நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பேரணாம்பட்டுத் தெருவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பரிசு எவ்வளவு நியாயமானது என்று தெரிந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சுற்று டார்ச்சில் கைபேசிக்கும் சார்ஜ் ஏற்றலாம் என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். கையால் சுமார் 3 வாட் வரை எடுக்கலாம். இன்றைய கைபேசி பேட்டரி நிறைய ஏறக்குறைய 19 வாட்-மணி வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் சுற்ற யாரால் முடியும்? அவசரத்துக்கு ஒரு கால் பேசும் அளவு ஏறினால், அதுவே லாபம். இன்னொன்று, சுற்றுகிற மின்சாரத்தைச் சேர்த்து வைக்க உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி சும்மா கிடந்தால் மெல்லச் செத்துவிடும். மாதம் ஒருமுறை எடுத்து இரண்டு நிமிடம் சுற்றி வைக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதற்குத் தனியாக ஆள் தேட வேண்டியதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தைக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை முடிந்து கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டதும், விளக்கில்லாத ஊர்ப் பாதையில் நடக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டு. தீபாவளிக்குக் கம்பெனிகள் ஸ்வீட் பாக்ஸும் பாத்திரமும் கொடுப்பது வழக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அதே சமயத்தில்தான். அவற்றோடு ஆளுக்கு ஒரு சுற்று டார்ச்சையும் சேர்த்துக் கொடுங்கள். பாலாற்றங்கரைக் கிராமங்களின் ரேஷன் கடைகளிலும் ஐப்பசி பிறக்கும் முன்னே கார்டுக்கு ஒன்று கொடுக்கட்டும். வெள்ளம் வடிந்த பிறகு கொடுக்கிற போர்வையும் அரிசியும் அப்புறம் வரட்டும்.