பிசார் துரையின் தீவும் என் பேஸ்மென்ட் வாக்கும்

மொன்றியலில் ஒரு துண்டுக் காணி வாங்க நாங்கள் இருபத்தைந்து வருடத்துக்கு வங்கியிடம் தலையை அடகு வைக்கிறோம். ஜாக் பிசார் என்ற மனிதர் ஒரு முழுத் தீவுக்குக் கொடுத்த விலை, ஓர் இரவு மறியல். அதுவும் காலையில் விட்டுவிட்டார்கள்.

நடந்தது 1674 ஜனவரியில். கியூபெக்கில் இருந்த பெரிய ஆளுநர் ஃபிரொன்ட்னாக்குக்கும், மொன்றியலில் இருந்த சின்ன ஆளுநர் பெரோவுக்கும் வேலிச் சண்டை. எங்களூர் மாதிரிக் கதியால் வேலி இல்லை, மிருகத் தோல் வியாபாரம். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போய்த் தோல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. மொன்றியலில் அந்தச் சட்டத்தை மீறுவதற்கும் பெரோவின் தயவு தேவைப்பட்டது. ஃபிரொன்ட்னாக் ஊழலை ஒழிக்கப் புறப்பட்டார். அந்தத் தோலின் மீது அவருக்கும் ஒரு கண் இருந்தது என்பது வேறு கதை. ஊழலை ஒழிக்கப் புறப்பட்ட யாருக்குத்தான் இருக்கவில்லை?

தோல்காரர் இருவரைத் தப்பவிட்ட அதிகாரி ஒருவனைப் பிடிக்க, மூன்று காவலாளிகளோடு வந்தவர்தான் பிசார். சுவிஸ்காரர், ஃபிரொன்ட்னாக்கின் கையாள். பெரோவுக்கு எழுதிய கடிதத்தை முதலில் கொடுத்துவிட்டுக் கைது செய்வதுதான் மரியாதை. இவர் முதலில் கைது செய்தார். கடிதத்தை லெ பேர் என்ற வியாபாரியின் வீட்டில் வைத்தார், ஆறுதலாகப் போய்ச் சேரட்டும் என்று. பெரோ சிப்பாய்களோடு அந்த வீட்டுக்குள் பாய்ந்து, கடிதத்தைப் பிசாரின் முகத்திலேயே வீசி, ஆளை மறியலில் போட்டார். பார்த்ததைச் சாட்சியாக எழுதிக் கொடுத்த லெ பேரையும் போட்டார். பிறகு ஃபிரொன்ட்னாக் பெரோவைப் பேச்சுவார்த்தைக்கு என்று கியூபெக்குக்கு அழைத்துப் பத்து மாதம் பூட்டி வைத்தார்.

1678இல் பிசாருக்கு ஒரு தீவு பரிசாகக் கிடைத்தது. அதுதான் இல்-பிசார். பெரோவுக்கு ஏற்கெனவே 1672இலேயே ஒரு தீவு கிடைத்திருந்தது. அது இல்-பெரோ. ஆக, மறியலில் போட்டவருக்கும் தீவு, போடப்பட்டவருக்கும் தீவு. இரண்டும் இன்றைக்கும் வரைபடத்தில் அவரவர் பேரோடு கிடக்கின்றன. அந்தத் தீவுகளைச் சுற்றியோடும் ஆற்றில் தலைமுறை தலைமுறையாக வள்ளம் விட்ட பூர்வகுடிகளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அங்கே கட்சி கிடையாது. 'எங்கட ஆள்', 'அவங்கட ஆள்' என்ற இரண்டு சொற்களே போதுமாக இருந்தன. பிறகு வந்த கட்சிகள் அவற்றுக்குச் சின்னமும் நிறமும் கொடுத்தன.

அடுத்த கதை யாழ்ப்பாணத்தாருக்கு மெத்தப் பிடிக்கும், ஏனென்றால் அது காணி வழக்கு. தீவு கைமாறிக் கைமாறிப் பியேர் ஃபொர்த்தியே என்ற வியாபாரியிடம் வந்தது. அவர் 1815இல் கண்ணை மூடினார். மருமகன் வழக்குப் போட்டார். கால் நூற்றாண்டு இழுபட்டு, 1842இல் தீவு மருமகன் கைக்கு வந்தது. பருத்தித்துறை நீதிமன்றத்தில் இதைவிட நீண்ட வழக்குகளைக் கண்டவர்கள் நாங்கள் என்றாலும் இதுவும் மரியாதையான வழக்குத்தான்.

மருமகனின் பெயர் டெனி-பெஞ்சமின் விஜே. சாதாரண ஆள் இல்லை. பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த பேட்ரியட் கட்சியின் தூண்களில் ஒருவர், பெருந்தலைவர் பாப்பினோவின் ஒன்றுவிட்ட அண்ணன் முறை. 1838இல் பிடித்து உள்ளே போட்டபோது, பிணை கட்டினால் விடுகிறோம் என்றார்கள். குற்றம் செய்யாதவன் எதற்குப் பிணை கட்ட வேண்டும் என்று சொல்லி ஒன்றரை வருடம் உள்ளேயே இருந்தார். இதற்குத் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் உழவர்களுக்காகத் தொண்டை கிழியப் பேசிய கட்சியின் தூண், உழவர்கள் குத்தகை கட்டும் தீவுக்கு எசமான். பாப்பினோவும் அப்படியே, அவருக்குப் பெத்தித்-நாசியோன் என்ற பெரும் பண்ணை. மேடையில் குடிமக்கள், வீட்டில் குடியானவர்கள். நல்ல மனிதர்கள்தான், கணக்குப்பிள்ளை மட்டும் வேறு மனிதர்.

அந்தப் பண்ணை முறை 1854இல் ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப்பட்ட குத்தகையைக் கியூபெக் உழவர்கள் 1940 நவம்பர் வரை தொடர்ந்து கட்டினார்கள். தட்டச்சுப் பிழை இல்லை. ஒழித்த பிறகு எண்பத்தாறு வருடம்.

அதே 1940இல் மொன்றியல் நகரசபைக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது. தொண்ணூற்றொன்பது உறுப்பினர்கள். முப்பத்துமூன்று பேரை வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் தெரிவு செய்வார்கள். அடுத்த முப்பத்துமூன்று பேருக்குச் சொந்தக்காரர்களும் குடியிருப்பவர்களும் சேர்ந்து வாக்களிப்பார்கள். மிச்ச முப்பத்துமூன்று பேரை வணிகர் சங்கம், பல்கலைக்கழகங்கள், ஓரமாகத் தொழிற்சங்கங்கள் என்று அமைப்புகள் நியமித்துவிடும். வீடு வைத்திருப்பவனுக்கு இரண்டு வாக்கு, வாடகைக்காரனுக்கு ஒன்று, அறையில் ஒண்டியிருப்பவனுக்குச் சூனியம். மொன்றியலோ வாடகைக்காரரின் நகரம். 1960களின் தொடக்கம் வரை இந்தக் கூத்து ஓடியது. வயதுவந்த எல்லோரும் நகரசபைக்கு வாக்களிக்கலாம் என்று ஆனது 1970இல்தான்.

அந்த முதல் தேர்தலுக்கு ஏழைப் பேட்டைகளின் குடிமக்கள் குழுக்கள் எல்லாம் சேர்ந்து 'ஃப்ராப்' என்று சொந்தமாக ஒரு கட்சி தொடங்கின. காரணம் இருந்தது. மேயர் ஜான் ட்ரப்போவின் நகரம் மெட்ரோ ஓடப்போகிறது, உலகக் கண்காட்சி நடத்தப்போகிறது என்று மின்னிக்கொண்டிருந்தபோது, துறைமுகத்துப் பாகு வாசனையால் 'பாகுப் பேட்டை' என்று பேர் பெற்ற தொழிலாளர் குடியிருப்பை 1963இல் இடித்திருந்தார்கள். சுமார் 5,000 பேர் பெட்டி படுக்கையோடு வெளியேறினார்கள். அங்கே எழும்பியது ரேடியோ-கனடா கோபுரம். ஏழைகளின் குரல் ஒலிபரப்பாக வேண்டுமென்றால் ஏழைகள் கொஞ்சம் நகர்ந்து நிற்க வேண்டும்.

கட்சி தொடங்கிய சில மாதத்தில் அக்டோபர் நெருக்கடி. கியூபெக் பிரிவினைத் தீவிரவாதிகள் பிரித்தானிய அதிகாரியைக் கடத்தினார்கள், ஓர் அமைச்சரையும் கடத்திப் பிறகு கொன்றார்கள். 16ஆம் தேதி போர்க்காலச் சட்டம். பிடியாணை தேவையில்லை, காரணம் தேவையில்லை. இதை நான் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. ஃப்ராப் வேட்பாளர்களில் சிலர் உள்ளே போனார்கள். அது தீவிரவாதிகளின் முகமூடி என்று மத்திய அமைச்சர் ஜான் மார்ஷான் சொன்னார். அவர்கள் வென்றால் தெருவில் இரத்தம் ஓடும் என்றார் மேயர். 25ஆம் தேதி வாக்களிப்பு. ட்ரப்போவுக்கு 92 சதவீதம், சபையின் 52 ஆசனமும் அவருக்கே. வாக்குரிமை கைக்கு வந்த முதல் தேர்தலில் ஏழைக்குக் கிடைத்தது இது. காதும் குத்தி, தோட்டையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

ஃப்ராப்பின் சாம்பலில் இருந்து வந்தவர்கள் பிறகு 1986இல் ஜான் டொரே தலைமையில் நகரசபையை அள்ளினார்கள், 58இல் 55. எங்கள் ஆட்சி, பேட்டைகளின் ஆட்சி என்று ஒரே கொண்டாட்டம். ஓவர்டேல் என்ற சின்னத் தெருவின் வாடகைக்காரர்களும் கொண்டாடியிருப்பார்கள். சில வருடத்திலேயே, ஆடம்பர மாடிக் கட்டடம் வரப்போகிறது என்று அதே ஆட்சியின் சம்மதத்தோடு அவர்கள் வீடுகள் இடிபட்டன. மாடி வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்த இடம் கார் நிறுத்தும் இடமாக இருந்தது. ஏழைகளுக்காக வந்த ஆட்சி, ஏழைகளை எழுப்பிவிட்டுக் கார்களைக் குடிவைத்தது.

இந்தக் காலத்தில்தான் எங்கள் ஆட்கள் வந்து குவிந்தார்கள். கோட்-டெ-நேஜில் ஒரு பேஸ்மென்டில் நாங்கள் ஐந்து பேர். ஜன்னல் வழியே தெரிவது போகிறவர் வருகிறவரின் சப்பாத்து மட்டும். தேர்தல் காலத்தில் பளபளக்கும் சப்பாத்து வரும், வேட்பாளர் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வோம்.

பிறகு 2000இல் பார்ட்டி கியூபெக்குவா அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பணக்காரப் புறநகரங்கள் நடுநகரத்தின் வேலை, தெரு, நூலகம் எல்லாம் அனுபவித்துவிட்டு வரியைத் தங்கள் வேலிக்குள் கட்டுகின்றன, ஆகவே எல்லோரும் ஒரே நகரம். மேயர் பியேர் பூர்க்கின் முழக்கம்: 'ஒரு தீவு, ஒரு நகரம்.' இல்-பிசார் மொன்றியல் தீவில் இல்லை, அது தனித் தீவு என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. முழக்கம் எழுதுகிறவன் வரைபடம் பார்ப்பானா? 1873இல் தொடங்கி, வட அமெரிக்காவிலேயே பழையது என்று பேரெடுத்த ராயல் மொன்றியல் கோல்ஃப் கழகம் 1959இலிருந்து அந்தத் தீவில்தான் இருக்கிறது. 2002 ஜனவரி முதலாம் தேதி கோல்ஃப் புல்லும் எங்கள் பேஸ்மென்ட் கரப்பானும் ஒரே நகரத்தின் பிரஜைகள் ஆகின. பூர்க்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தான் ஆசைப்பட்டுச் சேர்த்த புறநகரத்து வாக்குகளாலேயே அவர் முந்தைய நவம்பரில் தோற்றுப்போயிருந்தார்.

லிபரல் கட்சி சும்மா இருக்குமா? நாங்கள் வந்தால் பிரித்துத் தருவோம் என்று வாக்குக் கொடுத்து, ஜான் ஷாரே 2003இல் வந்தார். சர்வசன வாக்கெடுப்பு 2004 ஜூன் 20. பிரிந்து போக ஆசைப்படும் பழைய புறநகரங்களுக்கு மட்டும் வாக்கு. விட்டுவிட்டுப் போகப்படும் கோட்-டெ-நேஜ்காரனுக்கு இல்லை. விவாகரத்தில் ஒரு பக்கத்தைக் கேட்டால் போதும் என்று லிபரல்கள் நினைத்திருக்கலாம். ஆனால் ஒரு கொக்கி வைத்தார்கள்: 'பிரிவோம்' என்பது பெரும்பான்மை ஆனால் மட்டும் போதாது, பதிவுசெய்த வாக்காளர்களில் 35 சதவீதமாவது அப்படி எழுதியிருக்க வேண்டும்.

வெஸ்ட்மவுன்ட் போன்ற பதினைந்து ஊர்கள் பிரிந்து போயின. இல்-பிசாரிலும் 'பிரிவோம்' என்றவர்கள்தான் அதிகம். ஆனால் 35 எட்டவில்லை, வந்து வாக்களிக்க ஆள் காணாது. ஏழைகள் வாக்களிக்க வருவதில்லை, அதனால்தான் கட்சிகள் அவர்களைக் கவனிப்பதில்லை என்று எத்தனை பெரிய மனிதர்கள் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள்! அன்று ஞாயிற்றுக்கிழமை, தந்தையர் தினம், கோல்ஃப் பருவம். நான் ஒன்றும் சொல்லவில்லை. முந்நூறு வருடத்தில் எந்தத் துரையும், தலைவரும், தியாகியும் செய்யாத காரியத்தை, வாக்களிக்க வராத அந்தத் தீவார் எங்களுக்குச் செய்து தந்தார்கள். அவர்களின் வீட்டு வரி இன்றைக்கும் எங்களோடு ஒரே உண்டியலில் விழுகிறது.

இப்போது என் மச்சான் பியர்ஃபோனில் வீடு வாங்கியிருக்கிறான், பாலத்துக்கு இந்தப் பக்கம். பின்னேரங்களில் நாங்கள் பாலம் தாண்டி இல்-பிசார் பூங்காவில், சதுப்புக்கு மேலே போட்ட மரப்பாதையில் நடப்போம். போன கோடையில் அங்கே ஒரு கட்சிக்காரர், பெயர் வேண்டாம், பல்லெல்லாம் தெரிய "வணக்கம்" என்று கைகூப்பி இரண்டு துண்டுப் பிரசுரம் நீட்டினார். நல்ல வழவழத் தாள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். மச்சான் பியர்ஃபோன் என்றான். நான் கோட்-டெ-நேஜ் என்றேன்.

மனிதர் சிரிப்பை மாற்றவில்லை. மெல்ல என் கையிலிருந்த தாளை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.