தற்காலிகம் என்றால் எத்தனை வருஷம்?

கேமரன் மலையின் கோலா தெர்லாவில் பிளாஸ்டிக் கூடாரத்துக்கு ஆயுசு என்ன என்று கேட்டால், காற்றைக் கேள் என்பார்கள். நாலு கம்பம், மேலே ஒரு ஷீட். கீழே தக்காளி, குடைமிளகாய். அந்த மண்ணில் பயிரிடும் உரிமத்துக்கு ஆயுசு எவ்வளவு? அதைச் சட்டமே சொல்கிறது. மலேசியாவின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, அரசு நிலத்துக்குத் தரும் தற்காலிக உரிமம் அந்தந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று செத்துப்போகும். யாருக்கும் மாற்றித் தர முடியாது. உரிமம் பெற்றவர் காலமானால் அதுவும் கூடவே காலமாகும். கணவனோடு உடன்கட்டை ஏறும் காகிதம் உலகத்தில் வேறு உண்டா தெரியவில்லை.

அப்பா உழுதார், மகன் உழுகிறான். மண் மட்டும் இன்னும் 'தற்காலிகம்'. 2019 ஜனவரியில் சுங்கை இச்சாட் பக்கம் இயந்திரங்கள் வந்து நம்மவர்களின் தோட்டங்களைச் சாய்த்தன. ஆற்று நீர் கெடுகிறதாம். காரணம் பொய்யில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தலைமுறைக் கணக்கில் ஓடிய ஆறு, அந்த மாதம்தான் அழுக்கானதா?

அதே மாதம் 26ஆம் தேதி கேமரன் மலையில் இடைத்தேர்தல். அதற்குப் போட்ட கூடாரங்களை யாரும் இடிக்கவில்லை.