சர்வே அண்ணாச்சி

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே சர்வே அண்ணாச்சிக்கு டீக்கடை பெஞ்சில் நிரந்தர இடம் ஒதுக்கப்பட்டுவிடும். எந்தக் கட்சி என்று கேட்டால் மட்டும் கோபம் வரும். “நமக்குக் கட்சி கிடையாதுடே. டேட்டாதான்.”

டேட்டா என்று அவர் சொல்வது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தை. ஒரு கட்சிக்கு இத்தனை இடம், இன்னொன்றுக்கு இத்தனை என்று கொட்டை எழுத்தில் இருக்கும். யார் கேட்டது, எத்தனை பேரிடம், எந்த வாரம் என்ற விவரம் மருந்துக்கும் இராது. நம்மாள் ஜெயிப்பதாகச் சொன்னால் அது அறிவியல். தோற்பதாகச் சொன்னால் காசு வாங்கிக்கொண்டு போட்டது. ஒரே நிறுவனம் ஒரே மாதத்தில் இரண்டுமாகவும் இருந்திருக்கிறது.

“41, 39. ரெண்டு பர்சன்ட் லீடு!” என்று தொடையில் தட்டுவார். ஆயிரம் பேரிடம் முறையாகக் கேட்டாலே விடை மூன்று சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம். அந்த இரண்டு சதவீத முன்னிலை நிஜமாகவும் இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம். இதைச் சொல்லும் பொடி எழுத்து திரையின் அடியில் ஓடும். அண்ணாச்சியை விடுங்கள், செய்தி வாசிப்பவரே அதைப் பார்ப்பதில்லை. அடுத்த வாரம் இரண்டு ஒன்றானால் ‘செல்வாக்கு சரிகிறது’ என்று விவாதம் வைத்துவிடுவார்கள்.

வாக்கை இடமாக மாற்றுவதுதான் நிஜமான வில்லங்கம். 1991 சட்டமன்றத் தேர்தலில் திமுக வாங்கியது 22 சதவீதத்துக்கு மேல். கிடைத்தது 2 இடம். 1996இல் அதிமுகவுக்கு ஏறத்தாழ 21 சதவீதம்; 4 இடம். 2014 மக்களவைத் தேர்தலில் திமுகவுக்கு 23 சதவீதத்துக்கு மேல் விழுந்தும் ஒரு இடம்கூட இல்லை. சதவீதத்தைச் சரியாகப் பிடித்தவரும் இடத்தில் சறுக்கும் ஊர் இது. ஆனால் சதவீதத்தை மட்டும் சொன்னால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? அதனால் சேனல் இடத்தைச் சொல்கிறது, அதையும் ‘110 முதல் 140 வரை’ என்று. 234இல் 118 கிடைத்தால் ஆட்சி. அந்த வீச்சுக்குள் முதல்வர் நாற்காலியும் இருக்கிறது, எதிர்க்கட்சி வரிசையும் இருக்கிறது. எது நடந்தாலும் ‘அன்றே சொன்னோம்’ போட்டுக்கொள்ளலாம்.

ஒரு தடவை நிஜமான சர்வே தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. கையில் டேப்லெட்டுடன் ஒரு கல்லூரிப் பெண். அண்ணாச்சி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். “என்ட்ட கேளும்மா.”

“இல்ல சார், வாக்காளர் பட்டியல்லேருந்து எடுத்த பேருங்ககிட்ட மட்டும்தான் கேக்கணும்.”

பெயர் விழுந்தது எதிர்வீட்டு ஆச்சிக்கு. ஆச்சி முதலில் கேட்டது, “ரேஷன் கார்டு விஷயமாம்மா?” இல்லை என்றதும், “எந்தக் கட்சி அனுப்பிச்சாங்க?” எந்தக் கட்சியும் இல்லை என்றதும் சந்தேகம் இன்னும் பலமானது. போன தடவை யாருக்குப் போட்டீர்கள் என்ற கேள்விக்கு, “ஜெயிச்சவங்களுக்குத்தான்” என்று பட்டென்று பதில் வந்தது. இந்தத் தடவை? “எல்லாரும் நல்லா இருக்கட்டும்மா.” அந்தப் பெண் டேப்லெட்டில் எதையோ தொட்டுவிட்டுக் கிளம்பினாள்.

“ஆச்சி சொன்னது அம்புட்டும் பொய்” என்று அண்ணாச்சி அங்கேயே தீர்ப்பளித்தார். இப்படிப்பட்ட ஆச்சிகளின் பதில்களைக் கூட்டி டிவியில் வண்ணப் பட்டையாகக் காட்டியபோது, அதே வாயால் “பாத்தியாடே, சயின்டிபிக்கு” என்றார்.

2024 அவரை ரொம்பச் சோதித்தது. தமிழ்நாடு ஏப்ரல் 19இல் வாக்களித்துவிட்டது. கடைசிக் கட்டமோ ஜூன் 1. அதுவரை வாக்குச்சாவடி வாசல் கணிப்பை வெளியிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. அந்த ஆறு வாரத்தையும் அண்ணாச்சி ‘உளவுத்துறை ரிப்போர்ட்’ வைத்துத்தான் ஓட்டினார். உளவுத்துறை ஏன் முதல் ரிப்போர்ட்டை டீக்கடைக்கு அனுப்புகிறது என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

ஜூன் 1 மாலை ஆறரைக்குக் கதவு திறந்தது. தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன பெரும்பாலான கணிப்புகள். 400 வரை போனதும் உண்டு. அண்ணாச்சி எல்லாவற்றையும் கூட்டி வகுத்துச் சிகரெட் அட்டையில் ஒரு சராசரி எழுதினார். எல்லாம் ஒரே பக்கம் தப்பினால் சராசரியும் அந்தப் பக்கம்தான் தப்பும் என்பது அந்த அட்டையில் இல்லை. ஜூன் 4இல் வந்தது 293.

“என்ன அண்ணாச்சி, இப்படி ஆயிட்டு?” என்றார் டீ மாஸ்டர்.

“கணிப்புல ஒண்ணும் தப்பில்லடே. மார்ஜின் ஆஃப் எரர்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?”

இத்தனை தேர்தலிலும் அண்ணாச்சியிடம் ஒரு சர்வேக்காரரும் கேட்டதில்லை. உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், அவர்கள் விதியில் இடமில்லைதான், இருந்தாலும் டீக்கடைப் பக்கம் ஒருமுறை அனுப்பிவையுங்கள். புண்ணியமாகப் போகும்.