மிதிவண்டியும் மிதியடியும்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

மிதிவண்டி, மிதியடி இரண்டுக்கும் வேர் 'மிதி'. ஆகவே ஒரு வேர்ப் பங்காளிகளுக்குள் பகை இருக்க வழியில்லை என்பது சொற்பிறப்பால் நிறுவப்பட்டது. குதிகால் மட்டும் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆய்வுக் களம் கொல்லிமலை. முதற்பொருள், 70 கொண்டை ஊசி வளைவுகளும், மிதிவண்டியில் ஏறி முடித்தபின் ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துச் சொச்சம் படிகளும். கருப்பொருள் மிளகு, பலா, குரங்கு. உரிப்பொருள் என்பதை 'உரியும் பொருள்' என விரித்து, குதிகால் தோல் எனக் கொள்க.

மிதிக்கவும் நடக்கவும் ஒருசேர ஏற்ற பாதணி எது என்பதே வினா. பாதணி மூவகைப்படும்.

பூட்டு ஷூ: அடியிலுள்ள கொக்கி பெடலில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் லேசில் விடாத இதற்கு ஆங்கிலத்தில் 'கிளிப்லெஸ்', அதாவது கிளிப் இல்லாதது என்று பெயர். பெயர் வைத்தவர் முனைவர் பட்டத்துக்குத் தகுதியானவர். அடி விறைப்பாக இருப்பதால் மிதிக்கும் பலம் வீணாகாது. படியிறங்கும்போது அதே விறைப்பு முழங்காலோடு வழக்காடும். 1990இல் ஷிமானோ நிறுவனம், கொக்கியை அடிப்பாகத்துக்குள் பதித்து, மனிதர் நடக்கவும் கூடும் என்பதை ஏற்றுக்கொண்டது.

மலையேற்ற பூட்ஸ்: கனம்.

ஹவாய் செருப்பு: இதுவே நம் ஆய்வின் உயிர். இதன் வார், அடியிலிருக்கும் குமிழால் நிற்கிறது. 37ஆம் வளைவில் எனக்குக் குமிழ் பிய்த்துக்கொண்டு மேலே வந்தது. இதற்குத் தீர்வு ஊக்கு (என் பாட்டி, வாய்மொழி, திண்ணை). குமிழுக்கு மேலே வாரின் தண்டில் குத்த வேண்டும், குமிழில் குத்தினால் கிழியும் (மேற்படியார், திருத்திய கூற்று, அதே திண்ணை, காப்பிக்குப் பின்). ஊக்கு கிடைக்காதவிடத்துத் துணி காயப்போடும் கம்பியும் கொள்ளலாம் (மேற்படியார், மூன்றாம் கூற்று, சமையலறையிலிருந்து உரக்க, பாதி கேட்கவில்லை). மழையில் கால் ஒரு திசையும் செருப்பு ஒரு திசையும் செல்வதற்குத் திண்ணையில் விடை இல்லை.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆயனின் காலில் செருப்பு பதித்த தழும்பு உண்டு. அது வலக்காலா, இடக்காலா என்று கருத்தரங்கு கூட்டி, மலருக்கு இரண்டு வாழ்த்துரையும் வாங்கிவிடலாம். செருப்பு கடித்தது என்று மட்டும் எவரும் எழுத மாட்டார்.

முடிபு: நடு அடி கெட்டியாகவும் விரல் பக்கம் வளைவதாகவும் உள்ள, ஏற்கெனவே பழகிய ஷூ போதும். வலக்கால் நாடாவை மட்டும் உள்ளே செருகிக்கொள்ளுங்கள். செயின் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது.