பெரட்டுக்கு வந்தவன் பால் வெட்டினானா?

ராத்திரி பன்னெண்டு அடிக்கப் போகுது, போர்வைக்குள்ள போன் வெளிச்சம். பேரன் எவளோடயோ பேசுறான்னு உங்க பாட்டிக்கு ஒரே சந்தோஷம். எட்டிப் பாத்தா பச்சை ஆந்தை! டுவோலிங்கோவாம், இங்கிலீஷ் பழகுற ஆப். ஒருநாள் தவறினா 'ஸ்ட்ரீக்' போயிடுமாம்.

இந்த மாதிரி ஆளுங்கள நான் ரப்பர் தோட்டத்துல நிறையப் பாத்திருக்கேன்டா. விடியக்காலம் பெரட்டுல மண்டோர்கிட்ட பேரைக் குடுத்துட்டு, காட்டுக்குப் போற வழியிலேயே காணாமப் போயிடுவானுங்க. செக்ரோல்ல பேரு இருக்கும், வாளியில பால் இருக்காது.

நீ படிக்கிறது பிசினஸ், எழுதப் போறது மியூட் இங்கிலீஷ் சோதனை. அதுல வாசிப்புத் தாளுக்கு 75 நிமிஷம், 40 கேள்வி. அங்க ஆந்தை மாதிரி 'பையன் ஆப்பிள் தின்கிறான்'னு ஒத்தை வரியா குடுப்பான்? நீளநீளமா கட்டுரையைப் போட்டு, எழுதினவன் மனசுல என்ன இருக்குன்னு கேப்பான். ஒத்தை வரி பழகினவனுக்கு ரெண்டாம் பத்தியிலேயே கொட்டாவி வந்துடும்.

ஆந்தையை விரட்டச் சொல்லலை. அதுக்குப் பத்து நிமிஷம் குடு, பாவம். அப்புறம் அதே போன்ல எஸ்டி கத்ரி கம்பெனியோட ஆண்டறிக்கையை இறக்கு. காசு கேக்க மாட்டான். சைம் டார்பி பிளாண்டேஷன்னு இருந்தவன்தான், 2024ல பேரை மாத்திக்கிட்டான். முன்னால இருக்கிற தலைவர் பேச்சை மட்டும் படி. தெரியாத சொல்லு வந்தா உடனே கூகுள்கிட்ட ஓடாதே. பத்தி முடியட்டும். பாதிச் சொல்லை பக்கத்துச் சொல்லே காட்டிக் குடுத்துடும். மிச்சத்துக்கு அந்தச் சொல்லு மேல விரலை வச்சு அழுத்தி அர்த்தம் பாத்துக்க.

அது கசந்தா, 'கத்ரி டான் ரெய்டு'ன்னு தேடு. கத்ரிங்கிறது 1821ல சிங்கப்பூர்ல ஆரம்பிச்ச வெள்ளைக்காரன் கம்பெனி. 1981 செப்டம்பர் 7 காலையில லண்டன் பங்குச் சந்தையில பூந்து, நாலு மணி நேரத்துக்குள்ள அதைத் தன் கைக்குக் கொண்டு வந்துடுச்சு நம்ம மலேசிய நாட்டு முதலீட்டுக் கம்பெனி பிஎன்பி. வெள்ளைக்கார தொரைமாருக்குப் பசியாறினது செரிச்சிருக்காது! உன் புத்தகத்துல 'டேக்ஓவர்'னு நாலு வரியில முடிச்சிருப்பானே, அதோட ரத்தமும் சதையும் இதுலதான் இருக்கு. உங்க அப்பன் பாட்டன் வேர்வையும் அந்த மாதிரி ரப்பர் காட்டுலதான் சிந்துச்சு, ஆனா அது எந்த அறிக்கையிலயும் வராது.

படிச்சிட்டு வா. யாரு வித்தான், யாரு வாங்கினான், வெள்ளைக்காரன் ஏன் அப்படிக் கொதிச்சான், மூணையும் எனக்குத் தமிழ்ல சொல்லு. எனக்கு வெளங்கிட்டா புக்கிட் ரம்பாய் ஒட்டுக்கடையில ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் என் கணக்கு. 'கூகுள்ல இப்படித்தான் போட்டிருக்கு தாத்தா'ன்னு இழுத்தியோ, காசு நீதான் கட்டணும். நான் ரெண்டு ரொட்டி திம்பேன், முட்டை போட்டு.