மிக எளிதான 24

“வீட்ல நல்லா வந்துச்சு சார்.”

கிட்டார் வாசிப்பவர்களுக்கென்று ஒரு தேசிய கீதம் இருந்தால், அது இந்த ஒரு வரிதான். மாதத்தின் கடைசி ஞாயிறு சாயங்காலம் பெரம்பூரில் ஒரு மொட்டை மாடியில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். அந்த மாதம் பழகியதை ஆளுக்கு ஐந்து நிமிஷம் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிப்பவர் பத்தாவது விநாடியில் தடுக்கி விழுவார். நிமிர்ந்து பார்த்து மேற்படி வரியைச் சொல்வார். மற்ற மூவரும் “பின்னே, வந்திருக்கும்” என்று தலையாட்டுவோம். யாரும் யார் வீட்டுக்கும் போய்ச் சரிபார்ப்பதில்லை. எங்கள் சங்கம் நாலு வருஷமாக உடையாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

மாடிக்குச் சொந்தக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பல் டாக்டர். மூன்றாவது, டிரினிட்டி ஐந்தாம் கிரேடு பரீட்சைக்குப் படிக்கும் ஒரு இன்ஜினீயரிங் பையன். நாலாவது நான். வங்கி உத்தியோகம், வயது 51.

இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரில் டிரினிட்டி காலேஜின் தங்கப் பதக்கம் வாங்கியவர் என்று எங்கோ படித்ததில்தான் எனக்கு வினை ஆரம்பித்தது. அவர் பண்ணைப்புரம், எனக்கும் தேனிப் பக்கம்தான். பாதி தூரம் வந்துவிட்டோம், மீதி தானாக நடக்கும் என்று நினைத்தேன். ஒரு கிட்டார் வாங்கினேன். மீதி இன்னும் நடக்கவில்லை.

கிளாசிக்கல் கிட்டார் என்றால் நைலான் கம்பி. பிளெக்ட்ரம் கிடையாது, விரல்தான். பாட்டுக்கு முன்னால் ‘எட்யூட்’ என்று ஒரு வகை உண்டு. சரளி வரிசை மாதிரியா என்று என் அம்மா கேட்டாள். இல்லை, வர்ணம் மாதிரி. சாதகத்துக்கும் ஆகும், கச்சேரியிலும் வாசிக்கலாம். என் விஷயத்தில் இரண்டுக்கும் ஆகவில்லை என்பது வேறு கதை.

இந்த எட்யூட் உலகத்தின் பெரியவர் ஃபெர்னாண்டோ சோர். 1778-இல் பார்சிலோனாவில் பிறந்து 1839-இல் பாரீஸில் மறைந்தவர். ஓபஸ் 35 என்ற எண்ணுள்ள தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் ‘மிக எளிதான 24 பயிற்சிகள்’. அதில் 22-ஆவதை நான் மூன்று வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ‘மிக’ என்ற சொல்லை அந்த மனிதர் என்ன தைரியத்தில் போட்டார் என்று தினமும் யோசிக்கிறேன். அவரும் எங்களைப் போன்றவர்களிடம் மாட்டிக்கொண்டு அவதிப்பட்டிருப்பார் போலிருக்கிறது. பிற்காலத்தில் தன் தொகுப்புகளுக்கு ‘என் தொல்லைகள்’, ‘இதுதானா, பார்ப்போம்’, ‘இது சரியா?’ என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார். எங்கள் மாடிக்கு வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு வைத்த மாதிரியே இருக்கும்.

இந்த 22-இல் ஒரு சிக்கல். 1945-இல் கிட்டார் மேதை செகோவியா, சோரின் எட்யூட்களில் 20-ஐப் பொறுக்கி ஒரு புத்தகம் போட்டார். அவர் கொடுத்த வரிசை வேறு. என்னிடம் பழைய எண், டாக்டரிடம் செகோவியா எண். “நான் இப்ப 22 வாசிக்கறேன்” என்பேன். “பெரிய ஆள் சார் நீங்க, நான் இன்னும் 5-லயே நிக்கறேன்” என்பார். இரண்டு மாதம் மாறி மாறி வாசித்து, மாறி மாறிப் பாராட்டிக்கொண்டோம். அப்புறம்தான் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அங்கிள், ரெண்டு பேரும் ஒரே பீஸைத்தான் வாசிக்கிறீங்க.” எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. எங்கள் வாசிப்பின் தரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்தது நகம். வலது கையில் வளர்க்க வேண்டும், இடது கையில் ஒட்ட வெட்ட வேண்டும். ஸ்பெயின்காரர்கள் முள்கரண்டியால் சாப்பிடுகிறவர்கள், அவர்களுக்கு இது சரி. ரசம் சாதத்தைப் பிசைந்து சாப்பிடும் வம்சத்தில் பிறந்தவனுக்கு? நாலு நகமும் மஞ்சள் பூத்துக் கிடக்கும். கவுன்ட்டரில் பணம் எண்ணும்போது வாடிக்கையாளர்கள் நோட்டைப் பார்ப்பதில்லை, என் விரலைப் பார்ப்பார்கள். ஒரு பாட்டி வாய்விட்டே கேட்டார்: “வேண்டுதலா தம்பி?” ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சுருக்கமான பதில் அதுதான்.

போன வருஷம் குக்கர் மூடியோடு மல்லுக்கு நின்று மோதிர விரல் நகம் உடைந்தது. பிங்பாங் பந்தை நகத்தின் வடிவத்துக்கு வெட்டி, பசை போட்டு ஒட்டிக்கொள்வது கிட்டார்காரர்கள் பலரும் செய்கிற வைத்தியம். நானும் செய்தேன். அழகாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் மோர்க்குழம்பில் கைவைத்துவிட்டு எழுந்தபோது விரலில் அது இல்லை. கிண்ணத்தைக் கழுவப்போன மனைவி எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “நான் இதுல பூண்டு போடலையே?”

டாக்டருக்கு இந்தக் கவலை இல்லை. கையுறை போடுகிற தொழில். நகம் வளர்க்க முடியாது. விரல் சதையாலேயே மீட்டுவார். “சோரும் நகம் இல்லாமத்தான் சார் வாசிச்சார்” என்று அடிக்கடி நினைவூட்டுவார். உண்மைதான். சோரின் நண்பர் அகுவாதோ நகத்தால் வாசித்தவர். ஆகவே டாக்டர் சோர் கட்சி, நான் அகுவாதோ கட்சி. ஆனால் அந்த இருவரும் பாரீஸில் கூட்டணி வைத்தே வாழ்ந்தார்கள். சேர்ந்து வாசிப்பதற்காக ‘இரு நண்பர்கள்’ என்று ஒரு டூயட்டே எழுதினார் சோர், ஓபஸ் 41. நாங்களும் அதை எடுத்தோம். முதல் வரியில் கூட்டணி முறிந்தது.

வீட்டில் பயிற்சி என்பது தனி யுத்தம். இடது காலை உயர்த்தி வைக்க ஒரு சின்ன ஸ்டூல் வேண்டும். நான் மணையை எடுத்தேன். கல்யாணத்தில் தான் உட்கார்ந்த மணை என்று மனைவி சொன்ன பிறகு, மூன்று தொலைபேசி டைரக்டரிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு, டிக் டிக்கென்று தாளம் தட்டும் மெட்ரோனோம். நிமிஷத்துக்கு 60 என்று வைத்து, அம்மாவின் அறைக்கு அடுத்து உட்கார்ந்து ஆரம்பித்தேன். பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அம்மா கையில் பஞ்சாங்கம். “தெற்குப் பக்கத்துலேர்ந்து பல்லி விடாம சொல்லிண்டே இருக்குடா. இத்தனை தடவை சொன்னா என்ன பலன்னு இதுல போடலை.”

வீட்டுக்கு வரும் உறவினர்கள் எல்லோரும் கேட்பது ‘இளைய நிலா’. சோர் வாசித்தால் இரண்டு நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சுருதி சேர்த்தாச்சா, ஆரம்பிக்கலாமே” என்பார்கள்.

இனி அந்த இடம். 22-ஆம் எண்ணில் ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே கட்டை மாதிரி படுக்கவைத்து அழுத்த வேண்டும். அதற்கு பாரே என்று பெயர். நடுவில் ஓரிடத்தில் அந்த விரலை எடுத்துவிட்டு, உடனே மறுபடி பிடிக்க வேண்டும். மூன்று வருஷமாக அங்கே நான் நிற்பேன். சிக்னலில் நிற்கிற மாதிரி, நின்று, மூச்சு விட்டு, விரலைப் பார்த்து வைத்து, அப்புறம்தான் புறப்படுவேன். மாடியிலும் நிற்பேன், நின்றதும் அந்த வரியைச் சொல்வேன்: வீட்ல நல்லா வந்துச்சு.

போன மாதக் கடைசி ஞாயிறு நல்ல மழை. மாடியில் முழங்கால் தண்ணீர். “உங்க வீட்டுலயே வச்சுக்கலாமே” என்றார் ரயில்வே சார். யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். கிட்டாரை மடியில் வைத்து, டைரக்டரிகளில் காலை வைத்த பிறகுதான் உறைத்தது: இது வீடு. இங்கே தடுக்கினால் சொல்வதற்கு வாக்கியமே கிடையாது.

பயம் எதைச் செய்யும் என்று சொல்ல முடியாது. வாசித்தேன். அந்த இடம் வந்தது. விரல் எழுந்தது, உட்கார்ந்தது, போய்விட்டது. நிற்கவில்லை. கடைசி சுரம் வரை ஒரே ஓட்டம். மழைச் சத்தம் மட்டும். டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். பையன் கை தட்டினான்.

மனைவி பஜ்ஜித் தட்டோடு வந்தாள். முகத்தில் ஏதோ குழப்பம்.

“ஏங்க, நடுவுல ஒரு இடம் விட்டுப்போச்சே?”

“எந்த இடம்மா?” என்றார் ரயில்வே சார்.

“அதான் சார், பாதியில ஒரு இடத்துல அப்படியே நின்னு, பெருமூச்சு விட்டு, அப்புறம் எடுப்பாரே. மூணு வருஷமா தினம் கேக்கறேன், ஒரு நாள்கூட நிக்காமப் போனதில்ல. எனக்கு அதுல பிடிச்சதே அந்த இடம்தான். இன்னிக்கு என்னமோ அவசரத்துல விட்டுட்டார்.”

மூன்று பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் தன் வீட்டம்மாவை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சட்டென்று குனிந்து கிட்டாரைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார்.

ரயில்வே சார்தான் ஒரு வெங்காய பஜ்ஜியை எடுத்துக்கொண்டு தீர்மானத்தை முன்மொழிந்தார்.

“இனிமே யார் வீட்லயும் வேண்டாம். மழை பெஞ்சா லீவு.”

ஏகமனதாக நிறைவேறியது.